பதினோரு பெட்டிகளில் என் பெயர்

பிராங்க்ஸ், நியூயார்க்
ஜனவரி 9, 2017

அன்புள்ள எஃப்ரா,

"நீங்க மட்டும் சின்ன வயசுல எங்கயுமே உங்க பேரை எழுதினது இல்லையா, மிஸ்டர் ரெய்னி?"

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம் ஒரு மாணவி கேட்ட கேள்வி இது. ஆய்வகத்தின் புது மேசையில் பட்டை மார்க்கரால் தன் பெயரை எழுதியிருந்தாள். ஸ்பிரிட்டும் துணியும் கொடுத்துத் துடைக்கச் சொன்னேன். துடைத்துக்கொண்டே கேட்டாள். "எழுதியிருக்கேனே, விடைத்தாள்ல" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பொய்யைக் கண்டுபிடிக்கும் கண் சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இருக்கிறது.

இருபது வருடம் கழித்து நீ கடிதம் போடுகிறாய். ஃபோன் வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம், கையால் எழுது, உன் எழுத்தைப் பார்க்க வேண்டும் என்கிறாய். பார்த்துக்கொள். முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் தவளையின் குடலையும் பூவின் சூலகத்தையும் வரைந்து பெயர் குறித்த கை இது. கடைசி வரிசைப் பிள்ளைக்கும் புரிய வேண்டும் என்று எழுதி எழுதி எழுத்தில் இருந்த துள்ளல் எல்லாம் போய்விட்டது.

இங்கே நலம். என் பெர்னடீன் இன்னும் நூலக வேலைக்குப் போய்வருகிறாள். என் முழங்கால்கள் படியேறும்போது என்னிடம் பேசுகின்றன. நம் தெருவை நீ பார்த்தால் அடையாளம் தெரியாது. பழைய டயர்க் கடைச் சுவர் முழுக்க ஆளுயரக் கிளிகள். கட்டட உரிமையாளரே ஆள் வைத்து வரையச் சொல்கிறார். சனிக்கிழமைகளில் ஒரு பெண் கையில் சின்னக் கொடி பிடித்துச் சுற்றுலாக்காரர்களை அழைத்து வருகிறாள். போன மாதம் பாலும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வருகிறேன், அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "இந்தத் தெருவுலதான் பெப்பர் 168 இருந்தார். ரயில் பெட்டிகள்ல பேர் எழுதின முதல் ஆட்கள்ல ஒருத்தர். பாவம், செத்துட்டார்."

நான் நின்று கேட்டேன். "எப்படிம்மா செத்தார்?"

"ரயில் மோதி, சார்."

"அடப் பாவமே" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். முதல் ஆட்களைப் பற்றிய கண்காட்சியில் என் பெயரை நீயே சுவரில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறாய். உயிரோடு இருக்கிறவன் பெயரை இன்னொருவன் அனுமதி இல்லாமல் தொடக் கூடாது என்ற முறையை நீ மறக்காதது எனக்குச் சந்தோஷம். எழுது. பெயரை வரைந்து வரைந்து பழகிய என் கறுப்பு நோட்டு இருக்கிறதா என்று அருங்காட்சியகத்தார் கேட்கிறார்களாம். என்னிடம் எப்படி இருக்கும்? 1974 ஜனவரியில் நான் பிடிபட்ட வாரம், இனிமேல் எழுதுவதில்லை என்று அம்மாவுக்கும் நீதிபதிக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு, ஸ்பிரே டப்பாக்களையும் அந்த நோட்டையும் உன்னிடம்தானே கொடுத்தேன்.

அந்த வசந்தத்தில் என் பெயரை யாரோ ரயில்களில் எழுதி என்னை உள்ளே தள்ளினார்களே, அது யார் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. நம் கூட்டத்து டெக்ஸ்டர்தான் என்று நினைத்தேன். வெளியே வந்த அன்றே அவன் வாயில் குத்தி ஒரு பல்லை உடைத்தேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. அதுவே ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். 91-இல் அவன் இறந்தபோதும் போகவில்லை. வயதானால் இப்படிப்பட்டவை நினைவில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

ஆன்ட்வெர்ப்பில் குளிர் எப்படி? சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

என்றும் உன்,
பெப்பர்


ஆன்ட்வெர்ப்
ஜனவரி 27, 2017

என் அருமைப் பெப்பர்,

உன் கடிதத்தை மேசையில் விரித்து வைத்து அரை மணி நேரம் பார்த்தேன். துள்ளல் போய்விட்டதாம். 'ஆர்' எழுத்தின் வாலை நீ இழுக்கிற இழுப்பு அப்படியே இருக்கிறது, திருடா. வரிக்கு அடியில் ஓடிப் போய் முதல் எழுத்தின் காலைத் தொடுகிற அந்த வால். இந்த ஊர் ஓவியக் கல்லூரியில் பிள்ளைகள் நான்கு வருடம் படித்தும் அந்த ஒரு கோடு வராது.

அனுமதி தந்தாய், அது போதும். நுழைந்ததும் எதிர்ச் சுவர் உனக்கு. 'பெப்பர் 168', பன்னிரண்டு அடி அகலம், மூன்று 'பி'களும் காற்றில் சாய்ந்த மாதிரி. கறுப்பு நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறார்கள், நம் ஊர் பைபிள் மாதிரி.

என்னைப் பற்றி என்ன சொல்ல. எண்பதுகளில் ஒரு மாதம் தங்க வந்தவன் இங்கேயே ஒட்டிக்கொண்டேன். இவர்கள் நாம் செய்ததைக் கலை என்றார்கள். நம் ஊரில் நாயை ஏவினார்கள். இப்போது மூன்றாவது மனைவி என் சமையலைத் தாங்கிக்கொள்கிறாள். வாழைக்காய் வறுவலை உருளைக்கிழங்கு என்று நினைத்துச் சாப்பிடுகிறாள்.

டெக்ஸ்டர் பேச்சு இப்போது எதற்குடா? போனவன் போய்விட்டான். நாம் இருக்கிறோம்.

கண்காட்சி நூலின் அச்சுப்படியை அங்கே புரூக்ளினில் இருக்கும் அருங்காட்சியகத்து மிஸ் ஹாலரன் அனுப்புவாள். பெயர்களின் எழுத்து சரியா என்று மட்டும் பார். என் நீளமான பேட்டியை எல்லாம் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. வழக்கமான பழம்பெருமைதான்.

பெர்னடீனுக்கு என் முத்தம்.

உன் பார்ட்னர்,
எஃப்ரா


பிராங்க்ஸ்
பிப்ரவரி 20, 2017

அன்புள்ள எஃப்ரா,

அச்சுப்படி வந்தது. பெயர்களைச் சரிபார்த்தேன். இரண்டு இடத்தில் பெயரோடு வரும் தெரு எண் தவறு, குறித்து அனுப்பிவிட்டேன். பிறகு உன் பேட்டியையும் படித்தேன். முப்பத்திரண்டு வருடம் விடைத்தாள் திருத்தியவனிடம் ஒரு பக்கத்தைப் படிக்காதே என்றால் அதைத்தான் முதலில் படிப்பான்.

நாற்பத்தோராம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "என் பார்ட்னர் எழுத முடியாமல் போன அந்த வசந்த காலத்தில், அவன் பெயர் செத்துவிடக் கூடாது என்று அவன் கையிலேயே, அவன் வாலோடேயே, பதினோரு பெட்டிகளில் நான் எழுதினேன். ஒவ்வொரு ஞாயிறு மதியமும், நடுத் தண்டவாளத்தில் நிறுத்தி வைத்த ரயில்களில். அன்றைக்கு எங்களுக்குள் இருந்த விசுவாசம் அப்படி."

இதை நான் பலமுறை படித்தேன். இரண்டு நாள் பெர்னடீனிடம்கூடச் சொல்லவில்லை.

உனக்கு ஒன்றை விளக்க வேண்டும் என்றால் எனக்கு உதாரணம் வேண்டும். பழக்கம், பொறுத்துக்கொள். பள்ளியில் ஒரு முறை ஒருத்தி, வராத தோழிக்காக வருகைப் பதிவில் "வந்திருக்கேன் சார்" என்று குரல் கொடுத்துவிட்டாள். தோழிக்கு ஆப்சென்ட் விழக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். அன்றைக்கென்று மூன்றாம் மாடியில் புகை வந்தது. எல்லோரையும் மைதானத்தில் நிறுத்தி எண்ணினோம். ஒரு பிள்ளை குறைகிறது. தீயணைப்புக்காரர்கள் மறுபடி உள்ளே ஓடினார்கள். அப்போது அந்தப் பெண், பள்ளிக்கூடமே பார்க்க, கையைத் தூக்கினாள். "நான்தான் சார் குரல் குடுத்தேன். அவ வீட்ல இருக்கா." அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் சொன்னாள். அவளுக்கு வயது பன்னிரண்டு.

இப்போது 74 மே மாதத்துக்கு வா. மழை பெய்த நாள். நீதிமன்றத்தில் போலீஸ்காரர் ரயில் பெட்டிகளின் புகைப்படங்களை மேசையில் வரிசையாக அடுக்கினார். நீதிபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"இதை எழுதினது யாருப்பா?"

"தெரியாதுங்க ஐயா."

"பேரு உன்னோடதுதானே?"

"பேரு என்னோடது. எழுதினது நான் இல்லைங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அப்ப எவன் எழுதினான்? அடுத்தவன் பேரை எழுதிட்டு ஜெயிலுக்குப் போக எவனாவது ரெடியா இருப்பானா? நீயே சொல்லு."

இருப்பான் ஐயா, எங்கள் ஆட்களில் இருப்பான் என்று சொல்லியிருக்க வேண்டும். பெயர் ரயிலில் ஓடாவிட்டால் ஆள் செத்தான் என்று நினைக்கிற ஒரு கூட்டம் இந்த ஊரில் இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். பதினாறு வயதில் எனக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அவருக்குப் புரிந்திருக்காது.

அம்மாவைக் கூப்பிட்டார். ஜனவரியில் எனக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டவர் அவர்தானே. "உங்க பையன் எழுத்து உங்களுக்குத் தெரியும்மா. இது அவனோடதா?" அம்மா ஒவ்வொரு படத்தையும் கையில் எடுத்துப் பார்த்தார். என் பள்ளி நோட்டு, சமையலறைச் சுவர், குளிர்ப்பெட்டிக் கதவு, எல்லா இடத்திலும் அந்த வாலைப் பார்த்துத் திட்டியவர். "எனக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க" என்றார். "இது என் பிள்ளை கைதான்."

பதினான்கு மாதம். அம்மா ஒரே ஒரு முறை பஸ் பிடித்து அவ்வளவு தூரம் பார்க்க வந்தார். "நீ எழுதினதுகூடப் பரவால்லடா. என் மூஞ்சியப் பாத்து இல்லைன்னு சொன்ன பாரு, அதைத்தான் தாங்க முடியல" என்றார். அடுத்த மார்ச்சில், வேலை பார்த்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே விழுந்து இறந்துபோனார். அடக்கத்துக்குக் காவலர் ஒருவரோடு வந்து, அவரோடே திரும்பிப் போனேன்.

நீ நீதிமன்றத்துக்கு வந்திருந்தாய். மூன்றாவது வரிசை. அம்மா எழுந்து போனபோது அவருடைய ஈர மழைக்கோட்டு உன் மடியில் இருந்தது. ஒரே ஒரு கேள்வி. படங்களைப் பார்த்த அந்த நேரத்தில், என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா?

காத்திருக்கிறேன்.

கிளிஃப்டன்


ஆன்ட்வெர்ப்
மார்ச் 6, 2017

கிளிஃப்,

ஐந்து தடவை எழுதிக் கிழித்துப் போட்டு இதை எழுதுகிறேன்.

தெரியும். மூன்றாவது படத்தை அந்த ஆள் மேசையில் வைத்தபோது தெரிந்துவிட்டது. கை தூக்கலாம் என்று நினைத்தேன். தூக்கவில்லை. என் அப்பா எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியும். பெல்ட்டோடு விட்டிருக்க மாட்டார். கடல் தாண்டி, அவருடைய சொந்த ஊரான போன்ஸேவில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்கு விமானம் ஏற்றியிருப்பார். எச்சரித்து விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். பதினான்கு மாதம் என்றார்கள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? நேற்று சொல்லாததை இன்று சொல்ல முடியவில்லை. அடுத்த நாள் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அப்படியே நாற்பது வருடம்.

உன் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு நாள் உங்கள் கட்டடத்துக்கு வந்தேன். இரண்டாம் மாடிவரை ஏறினேன். மீன் பொரிக்கிற வாசனை வந்தது. இறங்கிவிட்டேன்.

ஆனால் ஒன்றை மட்டும் புரிந்துகொள். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. 149-ஆம் தெரு நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து ரயில் பார்ப்போமே, அங்கே உன்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று உனக்குத் தெரியாது. "பெப்பர் கதை முடிஞ்சுதுடா. அம்மா பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்டான்." தினமும் இதே பேச்சு. எனக்குத் தாங்கவில்லை. "முடிஞ்சுதுன்னு எவன்டா சொன்னது? திங்கக்கிழமை கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டு நில்லு" என்றேன். திங்கட்கிழமை உன் பெயர் ஓடி வந்தபோது பெஞ்சே எழுந்து நின்றது. டெக்ஸ்டர் மட்டும்தான், "வேணாம்டா, அவன் கோர்ட்டுக்கு வாக்குக் குடுத்திருக்கான், மாட்டிக்குவான்" என்று முனகிக்கொண்டிருந்தான். பயந்தாங்கொள்ளி என்று அவனை ஓட்டிவிட்டோம்.

நீ என் இடத்தில் இருந்தால் எனக்காக இதையே செய்திருப்பாய். இல்லை என்று சொல், பார்ப்போம்.

அந்தப் பேட்டியை எப்படிச் சரிசெய்ய வேண்டும் என்று சொல். சுவரில் உன் பெயருக்குக் கீழே அம்மாவின் பெயரையும் போடுகிறேன். கண்காட்சியிலிருந்து மட்டும் விலகிவிடாதே. நீ இல்லாவிட்டால் அந்தச் சுவரில் நான் பாதி.

எஃப்ரா


பிராங்க்ஸ்
மார்ச் 19, 2017

எஃப்ரா,

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. தாமதமாக வந்த விடைத்தாளையும் நான் திருத்தாமல் விட்டதில்லை.

உன் கேள்விக்குப் பதில்: ஆமாம், உன் பெயர் சாகப் போகிறது என்றால் நானும் எழுதியிருப்பேன். நீ எழுதியதை நான் மன்னிக்கிறேன். அது நம் எல்லோருக்கும் இருந்த கிறுக்கு. நான் பேசுவது எழுதியதைப் பற்றி இல்லை. அம்மாவின் மழைக்கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பற்றி.

இன்னொன்று. என் பெயர் மறுபடி ஓடினால் நான் மாட்டுவேன் என்பது உனக்கு நீதிமன்றத்தில்தான் உறைத்தது என்று இத்தனை நாள் உனக்கு ஒரு வழி விட்டு வைத்திருந்தேன். அந்த வழியை உன் கடிதத்திலேயே நீ அடைத்துவிட்டாய். எழுதாதே, அவன் மாட்டிக்கொள்வான் என்று உனக்கு முன்கூட்டியே சொன்ன ஒரே ஆள் டெக்ஸ்டர். அவன் பல்லைத்தான் நான் உடைத்தேன். அப்போதும் அவன் உன் பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் நம் ஆட்கள் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். வாயில் ரத்தத்தோடு என்னைப் பார்த்து, "போடா, போய் உன் அம்மாவை நெனச்சு அழு" என்று மட்டும் சொன்னான். திமிர் என்று நினைத்தேன். அவன் தங்கை கோ-ஆப் சிட்டியில் இருக்கிறாள். போன ஞாயிறு ஒரு பீச் பழப் பணியாரம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். எதற்காக வந்தேன் என்று சொன்னதும், "இப்ப வந்து எனக்கு ஏன் சொல்றீங்க?" என்று கேட்டாள். சரியான கேள்வி. பணியாரத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

அம்மாவின் பெயரைச் சுவரில் போடாதே. அவர் ரயிலில் எழுதுவதை வெறுத்தவர்.

நான் கேட்பது ஒன்றுதான். நாற்பத்தோராம் பக்கத்தில் உன் கதை அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே ஒரு வரி சேர்: "அதற்காக அவன் பதினான்கு மாதம் சிறையில் இருந்தான், எழுதியது நான் என்று நான் சொல்லவில்லை, அவன் பொய் சொன்னான் என்று நம்பியே அவன் அம்மா இறந்தார்." நீளம் என்றால் சுருக்கிக்கொள். அம்மாவைப் பற்றியது மட்டும் இருக்க வேண்டும். இந்த உலகத்தில் ஏதாவது ஒரு தாளில், நான் அவரிடம் பொய் சொல்லவில்லை என்று அச்சில் இருக்க வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

கிளிஃப்டன்


ஆன்ட்வெர்ப்
ஏப்ரல் 30, 2017

அன்புள்ள கிளிஃப்,

பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. கண்காட்சி வேலை கழுத்தை நெரிக்கிறது.

நீ கேட்டதை மிஸ் ஹாலரனிடம் பேசினேன். நல்ல பெண். யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இந்த ஒரு வரி வந்தா, படிக்கிறவங்க கண்காட்சி முழுக்க இதையேதான் பேசுவாங்க. மத்த பத்துப் பேரோட கதை அமுங்கிப் போயிடும்." யோசித்தால் அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இது ஒரு தலைமுறையைப் பற்றியது, நம் இரண்டு பேரைப் பற்றியது இல்லை. அதனால் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தோம். அந்தப் பத்தியையே எடுத்துவிட்டோம். பதினோரு பெட்டிகள், விசுவாசம், எதுவும் இல்லை. சுத்தமாகத் துடைத்தாயிற்று. உன்னைப் புண்படுத்துகிற ஒரு சொல்கூட நூலில் கிடையாது. அச்சுக்கும் போய்விட்டது.

இப்போது நமக்குள் சமாதானம்தானே?

நான் இந்த மாதம் பத்து நாள் புரூக்ளினில்தான் சுவர் எழுதிக்கொண்டிருந்தேன். உன்னைப் பார்க்க வரத் தைரியம் இல்லாமல் திரும்பி வந்துவிட்டேன், அதை ஒத்துக்கொள்கிறேன். உன் பெயரை முடித்தபோது கூட வேலை செய்த இளசுகள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள். அந்த வாலை ஒரே இழுப்பில் இழுத்தேன், நடுவில் கை எடுக்கவில்லை. நீயே பார்த்தாலும் உன்னுடையது என்றுதான் சொல்வாய்.

ஜூன் மூன்றாம் தேதி திறப்பு. இரண்டு அழைப்பிதழ் வைத்திருக்கிறேன். பெர்னடீனோடு வா. வந்தால் மேடைக்குக் கூப்பிடுவேன். வெட்கப்படாதே.

உன்,
எஃப்ரா


பிராங்க்ஸ்
ஜூன் 12, 2017

எஃப்ராயின்,

திறப்பு விழாவுக்கு நாங்கள் வந்திருந்தோம். நீ பார்க்கவில்லை. கூட்டம் அதிகம், நாங்கள் பின்னால் ஒரு தூணோரம் நின்றோம். அழைப்பிதழை வாசலில் காட்டியபோது என் உண்மைப் பெயரைத்தான் சொன்னேன். யாருக்கும் அது யார் என்று தெரியவில்லை.

மைக்கில் நீ நன்றாகப் பேசினாய். பழைய பெஞ்சைப் பற்றிச் சொன்னபோது நானும் சிரித்தேன். பிறகு முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "இவ்வளவு செஞ்சிருக்கீங்களே, உங்களோட பெரிய படைப்புன்னு எதைச் சொல்வீங்க?" என்று கேட்டாள். நீ கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாய். சொல்லப் போகிறாய் என்று நான் நினைத்தேன். பெர்னடீனும் அப்படித்தான் நினைத்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினோரு ரயில் பெட்டி" என்றாய். "ஆனா அதுல இருந்தது என் பேரு இல்லை. என் பார்ட்னர் பேரு. அவனால எழுத முடியாம போச்சு. அவன் பேரை நான் சாக விடல." அரங்கம் கை தட்டியது. "அவர் இப்ப எங்க இருக்கார்?" என்று அவள் கேட்டாள். "எங்கயோ அமைதியா வாத்தியாரா இருந்தான். இதையெல்லாம் பேச அவனுக்குப் பிடிக்காது" என்று சொல்லி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாய். மறுபடி கை தட்டினார்கள். புத்தகத்தில் துடைத்ததை வாயால் எழுதிவிட்டாய்.

"நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றாள் பெர்னடீன். அவள் சொல்லியிருப்பாள்.

"வேணாம்மா. இது நீ சொல்ல வேண்டியது இல்ல" என்றேன்.

எல்லோரும் ஒயின் குடிக்கப் போன பிறகு நான் அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றேன். கோடுகளைப் பார்த்தேன். மூன்று 'பி'கள், சாய்வு, கடைசி 'ஆர்'. தூரத்தில் நின்று பார்த்தேன், கிட்டே போய்ப் பார்த்தேன். எங்கேயாவது உன் கை தெரிகிறதா என்று தேடினேன். தெரியவில்லை. ஒரு கணம், சத்தியமாகச் சொல்கிறேன், இதை நான்தான் எழுதிவிட்டு மறந்துவிட்டேனோ என்று தோன்றியது. அந்த வாலைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினேன்.

"சார், தொடாதீங்க. யாரும் தொடக் கூடாது" என்றாள் காவலுக்கு நின்ற பெண்.

"சரிம்மா" என்று கையை எடுத்துக்கொண்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நாற்பத்து மூன்று வருடமாக எனக்கு அம்மா மேல் ஒரு கோபம் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. ஊர் நம்பாவிட்டால் போகட்டும், பெற்றவள் பிள்ளையின் வார்த்தையை நம்பியிருக்கலாமே என்ற கோபம். அந்தச் சுவருக்கு முன்னால் அது போய்விட்டது. எனக்கே என் கை எது, உன் கை எது என்று தெரியவில்லை. அம்மாவுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அவர் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். அந்த அறையில் உண்மை தெரிந்தும் சொல்லாமல் இருந்தவன் ஒருவன்தான். இதைத் தெளிவாக்கிக் கொடுத்ததற்கு அந்தச் சுவருக்கு என் நன்றி. உனக்கு அல்ல.

ஜனவரியில் கொடுத்த அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். சுவரை இப்போதே அழிக்க வேண்டாம். செப்டம்பரில் கண்காட்சி முடிந்ததும் அவர்களே வெள்ளையடித்துவிடுவார்களாம், அந்தக் காவல்காரப் பெண் சொன்னாள். அதற்குப் பிறகு எந்தச் சுவரிலும், எந்த மேடையிலும் என் பெயரை எழுதாதே, சொல்லாதே. கறுப்பு நோட்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம். எனக்கு அதில் இனி வேலை இல்லை. இந்தக் கடிதத்துக்குப் பதில் போட்டால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். கோபத்தில் எழுதவில்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஆசிரியனாக இருந்துவிட்டேன், ஒரு பயிற்சி கொடுக்காமல் முடிக்கத் தெரியவில்லை. இது மதிப்பெண்ணுக்கு இல்லை, நான் பார்க்கப் போவதும் இல்லை. உன் மனைவி வெளியே போன நேரமாகப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொள். நாற்காலியில் உட்கார்ந்து மடியில் ஒரு மழைக்கோட்டை வைத்துக்கொள். பிறகு எழுந்து நின்று, "நான்தான் எழுதினேன், ஐயா" என்று ஒரே ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்.

கிளிஃப்டன் ரெய்னி